7. வீங்கிய கைக்கு வேலை கொடுங்கள்

மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்து, கீமோ ஊசிகள் முடிந்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து முடித்து, தலைமுடி மறுபடி முளைத்து, “எல்லாம் ஆச்சு” என்று வீடே மூச்சு விடும் நேரத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கை வீக்கம் தொடங்கும். ஒரு நாள் ரவிக்கைக் கை பிடிக்கும். தையல்காரர்மேல் கோபம் வரும். இரண்டு வாரம் போனால் வளையல் ஏறாது. கை கனக்கிறது என்றால், பார்க்கிறவர்கள் “ஒண்ணும் தெரியலையே” என்பார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வருவதுதான் வழக்கம். பத்து ஆண்டு கழித்து வந்தவர்களும் உண்டு.

புதுச்சேரியில் இந்தக் கைக்கு இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் என் மேசைக்கு முன் உட்கார்ந்ததும் முந்தானையை விலக்கிக் கையைக் காட்டவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “இது ஒட்டுவாரொட்டியாம்மா? யானைக்கால் மாதிரி யானைக்கையாம். மருமவ பேரப்புள்ளயத் தூக்கவே வுடமாட்றா.”

அந்த மருமகளை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. யானைக்கால் நோயை நன்றாக அறிந்த ஊர் இது. இரவு நேரத்தில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் போனது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசின் நிலையம் 1975-இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. இந்திரா நகரில் இன்றும் இயங்குகிறது. ஆகவே வீங்கிய உறுப்பைப் பார்த்தால் கொசுவும் புழுவும் நினைவுக்கு வருவது இந்த ஊரின் பழக்கம். மருத்துவர்களும் அந்தப் பெயரைச் சொன்னவர்கள்தான். மார்பகத்தை மார்புத் தசையோடு சேர்த்து அகற்றும் பேரறுவையைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், அதற்குப் பின் வரும் கை வீக்கத்தைப் பற்றி 1921-இல் எழுதியபோது ‘அறுவையால் வந்த யானைக்கால்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்.

பெயர் ஒன்றாக இருக்கலாம், காரணம் வேறு. யானைக்காலில் நிணநீர்ப் பாதையைக் கெடுத்தது கொசு கொண்டுவந்த புழு. இங்கே அதைக் கெடுத்தது உங்கள் உயிரைக் காப்பாற்றிய கத்தியும் கதிரும். இதில் கிருமி இல்லை, புழு இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக எதுவுமே இல்லை. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். சொல்லப்போனால், தூக்கத்தான் வேண்டும். ஏன் என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ரத்தக் குழாயிலிருந்து கசிந்து திசுக்களுக்குள் போகும் நீரையும் புரதத்தையும் திரும்ப வாரிக்கொண்டு போவது நிணநீர்க் குழாய்களின் வேலை. கையிலிருந்து வரும் குழாய்கள் அக்குளில் உள்ள இருபது முப்பது கணுக்களின் வழியாகப் போகின்றன. புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியிருந்தால் அகற்றவும் அந்தக் கணுக்களை எடுக்கிறார்கள். மிச்சமிருப்பவற்றின்மேல் கரண்ட் வைத்தால் அங்கே தழும்பு கட்டும். வரத்து அப்படியே இருக்க, வடிகால் சுருங்கிவிடுகிறது. நீர் தேங்குகிறது, அதோடு புரதமும் தேங்குகிறது. நாளாக ஆக அந்தப் புரதம் திசுவைத் தடிக்க வைக்கிறது.

நீர் பிரியும் மாத்திரை இந்த வீக்கத்துக்கு உதவாததற்குக் காரணமும் இந்தப் புரதம்தான். மாத்திரை தண்ணீரை இழுத்துவிடும், புரதத்தை விட்டுவிடும். விட்டுப்போன புரதம் மறுபடி தண்ணீரைக் கூட்டிக்கொள்ளும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கைக்காக என்று கடையில் கேட்டு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் வருமா? உலக ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2013-இல் வெளியான கணக்குப்படி, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களுக்கு, ஒன்றிரண்டு காவல் கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களைவிட வாய்ப்பு நாலு மடங்கு. உடல் எடை கூடக்கூட வாய்ப்பும் கூடும். கையில் ஒருமுறை சீழ்த்தொற்று வந்தாலும் அப்படியே.

கட்டுவதற்கு முன்

வீக்கம் கண்டதும் நேராகப் பிசியோவிடம் வருகிறவர்களை நான் ஒரு படி திருப்பி அனுப்புவேன். முதலில் புற்றுநோய் மருத்துவர் பார்க்க வேண்டும். நோய் அக்குளில் திரும்பியிருந்தாலும் கை வீங்கும். ரத்தக் குழாயில் உறைகட்டி இருந்தாலும் வீங்கும். மெதுவாக வந்த, வலியில்லாத, கனமான வீக்கம் பெரும்பாலும் நிணநீர்தான். ஓரிரு நாளில் குபீரென்று வந்தது, வலிப்பது, நிறம் மாறியது, விரல்கள் வலுவிழப்பது, கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுவது, இவை வேறு கதை. இதயம் பலவீனமாகி நீர் கோத்திருப்பவர்களுக்கும் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் அழுத்தக் கட்டு போடக் கூடாது.

பிறகு அளவு. கண்ணால் பார்த்து மதிப்பிடுவதை நான் நம்புவதில்லை. தையல்காரர் டேப் போதும். மணிக்கட்டு எலும்பிலிருந்து தொடங்கிப் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு மையால் புள்ளி வைத்துச் சுற்றளவு எடுங்கள். இரண்டு கையிலும். டேப்பை இறுக்காமல், தொங்கவும் விடாமல். ஓர் இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அது கவனிக்க வேண்டிய வீக்கம் என்பது பழைய விதி. வேலை செய்யும் கை இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கும் என்பதால், அறுவைக்கு முன்பே ஒருமுறை அளந்து எழுதி வைத்திருந்தால் அதற்கு ஈடு கிடையாது. இந்தப் புத்தகத்தை அறுவைக்கு முன்னால் கையில் எடுத்தவர் இப்போதே எழுந்துபோய் டேப்பைத் தேடலாம்.

தோலை விரலால் அரை நிமிடம் அமுக்கினால் குழி விழுந்து நிற்கிறதா, இரவில் கையை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வடிகிறதா என்று பாருங்கள். வடிந்தால் ஆரம்ப நிலை. சிகிச்சைக்கு இதைவிட நல்ல நேரம் வராது. வடியாமல் கெட்டிப்பட்டுவிட்டால் அடுத்த நிலை. ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து மருத்துவர் ராபர்ட் ஸ்டெம்மர் 1976-இல் சொன்ன சின்னச் சோதனை ஒன்று உண்டு: விரலின் அடிப்பகுதியில் மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் தோல் தடித்துவிட்டது. அவர் இதைக் கால்விரலுக்குச் சொன்னார். நாங்கள் கைவிரலிலும் செய்கிறோம்.

கட்டு

சிகிச்சையின் முதுகெலும்பு இதுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

நம் ஊரில் கட்டு என்றாலே ஓய்வு. எலும்பு முறிந்தால் கட்டு, சுளுக்கினால் கட்டு, கட்டிவிட்டால் கையைத் தொட்டிலில் போட்டு மடியில் வைத்துக்கொள்வது. இந்தக் கட்டு அதற்கு நேர் எதிர். இதைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் பாதிப் பயன்கூட இல்லை. நிணநீர்க் குழாயை அழுத்தித் தள்ளுவதற்கு இதயம் மாதிரி ஒரு பம்பு உடம்பில் தனியாக இல்லை. சுற்றியிருக்கும் தசை சுருங்கும்போது குழாய் நசுங்கி நீர் முன்னால் நகர்கிறது. வீங்கிய கையில் தோல் தளர்ந்திருப்பதால் தசை புடைத்தாலும் அந்த விசை வெளிப்பக்கமாகவே வீணாகிவிடும். மேலே நெகிழாத ஒரு சுவர் இருந்தால்? தசை புடைத்துச் சுவரில் மோதும், இடையில் சிக்கிய நீர் மேல்நோக்கி ஓடும். கட்டு அந்தச் சுவர். வேலை செய்ய வேண்டியது தசை.

மருந்துக்கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் இதற்கு ஏன் ஆகாது என்பதும் இப்போது புரியும். அது ரப்பர் போல இழுபடும். தசை புடைத்தால் அதுவும் விலகிக்கொடுக்கும், ஓய்ந்திருக்கும்போதோ விடாமல் இறுக்கும். நமக்கு வேண்டியது குறைவாக நீளும் பருத்தி பேண்டேஜ். கையில் எடுத்து இழுத்துப் பார்த்தால் முரட்டுத் துணி மாதிரி கொஞ்சம்தான் கொடுக்கும். வேலை செய்யும்போது அழுத்தம் அதிகம், சும்மா இருக்கும்போது குறைவு. அதனால்தான் இதோடு தூங்கவும் முடிகிறது.

போடும் முறையைப் பழகியவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். புத்தகம் பார்த்துச் செய்யக் கூடாது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் வீட்டில் துணைக்கு இருப்பவர் பயப்படமாட்டார். முதலில் தோலுக்கு மணமில்லாத களிம்பு. மேலே கட்டைவிரலுக்குத் துளை வைத்த பருத்திக் குழாய்த்துணி. பிறகு ஒவ்வொரு விரலுக்கும் மெல்லிய துணிச்சுருள். நகம் வெளியே தெரிய வேண்டும். அதன்மேல் பஞ்சுச் சுருளோ நுரைப்பட்டையோ. முழங்கை மடிப்பிலும் புறங்கைக் குழிவிலும் கொஞ்சம் கூடுதல் மெத்தை. கடைசியாகப் பேண்டேஜ்கள்: உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் 6 சென்டிமீட்டர் அகலம், முன்கைக்கு 8, மேற்கைக்கு 10. எல்லா இடத்திலும் ஒரே இழுப்பு. கை மேலே போகப் போகப் பருமனாவதால் அழுத்தம் தானே குறைந்துகொண்டு போகும். மேலே அதிகமும் கீழே குறைவுமாக இறுக்கிவிட்டால் நீர் விரலுக்கு இறங்கும். முடிவில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். பேண்டேஜோடு வரும் உலோகக் கொக்கியைக் குப்பையில் போடுங்கள். அது தோலைக் கீறும்.

கட்டி முடித்ததும் நகத்தை அமுக்கி விடுங்கள். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். விரல் நீலம் பாரித்தால், மரத்துப்போனால், ஊசி குத்துவதுபோல் இருந்தால், கையை அசைத்தும் கால் மணியில் சரியாகவில்லை என்றால் அவிழ்த்துவிடுங்கள். “டாக்டரம்மா கட்டினது, எப்படி அவிழ்க்கறது” என்று விடியும்வரை பொறுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமை இங்கே வேண்டாம்.

முதல் கட்டத்தில் வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டிலிருந்து நான்கு வாரம். நாளுக்கு ஏறக்குறைய 23 மணி நேரம் கட்டு கையில் இருக்கும். மிச்ச ஒரு மணியில் குளியல், தோல் பராமரிப்பு, நீவுதல், புதுக்கட்டு. கத்திரி வெயிலில் இந்தக் கணக்கைச் சொன்னால் யாருக்கும் முகம் சுருங்கும். கடலோரப் புழுக்கம் வேறு. என் கருத்து இது: அவசரமில்லாத கையென்றால் தீவிரச் சிகிச்சையைத் தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் சித்திரையானாலும் தொடங்கத்தான் வேண்டும். அப்போது இரண்டு செட் பேண்டேஜ் வாங்கி, ஒன்றைத் துவைத்து நிழலில் உலர்த்தி, நாள்தோறும் மாற்றிக்கொள்ளுங்கள். வியர்வையில் ஊறிய பேண்டேஜ் விரலிடுக்கில் சேற்றுப்புண் கொண்டுவரும். சமையலுக்குக் கட்டின்மேல் பெரிய அளவு ரப்பர் உறை மாட்டிக்கொள்ளலாம்.

உருவுதல் வேறு, நீவுதல் வேறு

நம் பாட்டிமார் எண்ணெய் தடவிக் கையை உருவி விடுவார்கள். சுளுக்குக்கு அது சரி. இங்கே வேண்டவே வேண்டாம். நாம் தேடும் நுண்குழாய்கள் தோலுக்கு அடியிலேயே, ரவிக்கைத் துணியளவு ஆழத்தில் இருக்கின்றன. அழுத்தி உருவினால் அவை நசுங்கும், ரத்த ஓட்டம் கூடிப் புதிதாக நீர் கசியும். சூடான ஒத்தடமும் அப்படித்தான். தூங்கும் குழந்தையின் கன்னத்தை எழுப்பாமல் தடவுவீர்களே, அந்தக் கனம் போதும். தோலை மட்டும் மெல்ல இழுத்து விட வேண்டும், வழுக்கக் கூடாது. எனவே எண்ணெயும் வேண்டாம்.

இந்த முறையை வகுத்தவர்கள் எமில் வோடர், அவர் மனைவி எஸ்ட்ரிட் என்ற டென்மார்க் தம்பதி. 1930-களில் பிரான்ஸின் கான் நகரத்தில், ஓயாத சளியும் வீங்கிய கழுத்துக் கணுக்களுமாக வந்தவர்களிடம் தொடங்கி, 1936-இல் பாரிஸில் அறிமுகம் செய்தார்கள். பிறகு ஜெர்மனியில் ஃபோல்டி தம்பதி அதைக் கட்டோடும் பயிற்சியோடும் தோல் பராமரிப்போடும் சேர்த்து ஒரே சிகிச்சையாக்கினார்கள். இன்று உலகெங்கும் நடப்பது அந்த நாலும் சேர்ந்ததுதான்.

வரிசை முக்கியம். நம் பெரிய வாய்க்காலில் அடைப்பு எடுப்பவர்களிடம் கேளுங்கள்: தண்ணீர் போய்ச் சேரும் வாயை முதலில் திறக்காமல் மேலேயிருந்து தள்ளினால் தெருவுக்குள்தான் ஏறும். கையும் அப்படியே. படுத்துக்கொண்டு ஐந்து முறை வயிறு எழும்ப ஆழ்ந்து மூச்சு விடுங்கள். நிணநீர் கடைசியில் சேருவது கழுத்தடிச் சிரைகளில். மூச்சு அந்த வாயை உறிஞ்சித் திறக்கிறது. பிறகு நோயில்லாத பக்கத்து அக்குளில் வட்டமாக நீவுங்கள். நோயுற்ற பக்கத்து மார்பிலிருந்து அந்த நல்ல அக்குளை நோக்கி. அடுத்து, நோயுற்ற பக்கத்துத் தொடையிடுக்கில் வட்டமாக நீவி, விலாவிலிருந்து அதை நோக்கிக் கீழே. அதன்பின் தோள், மேற்கையின் வெளிப்புறம், கடைசியில்தான் முன்கையும் விரலும், எல்லாம் மேல்நோக்கி. வீட்டில் பதினைந்து நிமிடம் போதும். தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் கழுத்துப் பக்கம் தாமாகச் செய்ய வேண்டாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீவுவது சுகமாக இருக்கும், பலரும் அதையே சிகிச்சை என்று நினைப்பார்கள். கட்டு இல்லாத நீவல், கரை இல்லாத ஏரிக்குத் தூர் வாருவது போல. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால் கட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பாரம் தூக்கலாமா

“ஒரு குடம் தண்ணி தூக்காதே, மாவு பிசையாதே, துணி பிழியாதே, கோலம்கூடப் போடாதே” என்று ஒரு தலைமுறைப் பெண்களை உட்கார வைத்துவிட்டோம். மருத்துவமனைகளும் அப்படித்தான் சொல்லி அனுப்பின. உட்கார்ந்த கை மெலியும்; தசை மெலிந்தால் பம்பு மெலியும்; தோள் இறுகும்; உடல் எடை கூடும். வீக்கம் வராமலிருக்கச் சொன்ன அறிவுரை, வீக்கம் வளர்வதற்கு வசதி செய்து கொடுத்தது.

இந்த அச்சத்தை முதலில் உடைத்தவர்கள் படகுக்காரிகள். 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களை ட்ராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். மேற்கையை விடாமல் இயக்கும் கடும் வேலை அது. அந்தப் பருவம் முடிந்தபோது ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை வாரம் இருமுறை எடை தூக்க வைத்தார்கள். 2009-இல் வெளியான முடிவு: எடை தூக்கியவர்களில் 14 சதவீதத்தினருக்கு வீக்கம் மோசமாகியது, தூக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கு. ஆனால் அவர்கள் எடையைச் சிறிதுசிறிதாகக் கூட்டினார்கள், முதல் 13 வாரம் பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தார், கையில் அழுத்த ஸ்லீவ் இருந்தது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு முதல் நாளே சிலிண்டரைத் தூக்கினால் அந்த ஆய்வு உங்களுக்குத் துணைக்கு வராது.

வீட்டில் தொடங்க அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அது அரைக் கிலோ. கட்டோ ஸ்லீவோ போட்டுக்கொண்டு கைப்பிடியை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, கையைப் பக்கவாட்டில் தோளளவு உயர்த்துவது, தோளைச் சுழற்றுவது என ஒவ்வொன்றும் பத்துமுறை, காலை மாலை. இரண்டு வாரம் கை அளவு ஏறாமல் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டில். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்; காந்தி சிலையைத் தாண்டி நடக்கும்போது வீங்கிய கையைத் தொங்கவிடாமல் விரலை மூடித் திறந்துகொண்டே நடங்கள். யோகா செய்கிறவர்கள் தொடரலாம். உடல் பாரத்தை இரு கையிலும் தாங்கும் ஆசனங்களுக்கு மட்டும் படிப்படியாகப் போங்கள்.

அறுவை முடிந்து சில நாளே ஆனவர்களுக்கு: முதல் நாளிலிருந்தே கைப்பிடி, முழங்கை, மணிக்கட்டு இயக்கங்கள். நீர் வடிய வைத்த டியூப்பை எடுக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். அதன்பின் சுவரில் விரலால் ஏறுவது. பிரிட்டனில் 392 பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், அறுவையான ஏழிலிருந்து பத்து நாளில் பிசியோ வழிகாட்டலுடன் பயிற்சி தொடங்கியவர்களின் கை ஓராண்டுக்குப் பின் நன்றாக இயங்கியது. கையை உயர்த்தும்போது அக்குளிலிருந்து முழங்கைவரை வீணைத் தந்தி போல் ஒரு நாண் இழுத்தால் பயப்படாதீர்கள். அது புற்று அல்ல. மெல்ல நீட்டிக் கொடுத்தால் சில வாரங்களில் தளர்ந்துவிடும்.

ஸ்லீவ், பிரான்ஸிலிருந்து வருவது உட்பட

கை வடிந்து, ஒரு வாரமாக அளவு இறங்காமல் நிலையாக நின்றதும் கட்டின் இடத்தை அழுத்த ஸ்லீவ் எடுத்துக்கொள்ளும். வடிவதற்கு முன்பே அளவெடுத்து வாங்கினால் வீக்கத்துக்குச் சட்டை தைத்த கதை. காலையில், கை சிறுத்திருக்கும்போது அளவெடுக்க வேண்டும். புறங்கையும் வீங்கியிருந்தால் ஸ்லீவ் மட்டும் போடாதீர்கள். நீரெல்லாம் விரலுக்கு வந்துவிடும். உள்ளங்கையைப் பிடிக்கும் உறையும் சேர்ந்தே வேண்டும்.

இந்த ஊருக்கென்றே ஒரு குழப்பம் இருக்கிறது. மகளோ தம்பியோ பாரிஸில் இருப்பார்கள். விடுமுறைக்கு வரும்போது ஸ்லீவ் வாங்கி வருவார்கள். சீட்டில் ‘வகுப்பு 2’ என்று எழுதியிருக்கும், வாங்கி வந்ததும் வகுப்பு 2. ஆனால் பிரெஞ்சு முறையில் வகுப்பு 2 என்பது 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். ஜெர்மானிய முறையில் அதே வகுப்பு 2 என்பது 23 முதல் 32. பெயர் ஒன்று, பிடி வேறு. ஆகவே வகுப்பு எண்ணைச் சொல்லாதீர்கள், மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கைகளுக்கு 20-க்கும் 30-க்கும் இடையில் எழுதிக் கொடுப்போம்.

காலை எழுந்ததும் மாட்டி, படுக்கும்போது கழற்றுங்கள். ரப்பர் உறை போட்ட கையால் இழுத்தால் சுலபமாக ஏறும். மேல் விளிம்பைச் சுருட்டி விடக் கூடாது. சுருண்ட இடம் கயிறு மாதிரி இறுக்கும். இறுக்கமான ரவிக்கைக் கையும் அதே வேலையைத்தான் செய்யும், அதைத் தளர்த்தித் தைக்கச் சொல்லுங்கள். களிம்பு பூசுவது இரவில். தினமும் மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினாலும் ஆறு மாதத்தில் பிடி தளர்ந்துவிடும். நைந்த ஸ்லீவைப் பாசத்தோடு போட்டுக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அது இப்போது வெறும் துணி.

காற்றழுத்தப் பம்பு, கட்டுக்கு உதவியாக இருக்கலாம். அதற்கு மாற்று ஆகாது. லேசர், ஒட்டுப்பட்டை ஆகியவற்றுக்கு இந்த அத்தியாயத்தில் இதற்கு மேல் இடம் ஒதுக்க மாட்டேன்.

தோல்

யானைக்கால் மருத்துவத்திலிருந்து இந்தக் கை கற்றுக்கொள்ள வேண்டியது இங்கே இருக்கிறது. அங்கே நோயாளியை மீண்டும் மீண்டும் வீழ்த்துவது புழு அல்ல, விரலிடுக்குப் புண் வழியாக நுழையும் கிருமி. சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இடுக்குகளை உலர வைப்பதே பாதி வைத்தியம். கேரளத்துக் காசர்கோட்டில் நிணநீர் வீக்கத்துக்கென்றே பேர்பெற்ற தோல் மருத்துவ நிறுவனம் ஒன்று கழுவுதல், யோகா, ஆயுர்வேதம், அழுத்தக் கட்டு எல்லாவற்றையும் கோத்துச் சிகிச்சை தருகிறது.

தேங்கிய நீர் கிருமிக்குச் சத்துணவு. அரிவாள்மனைக் கீறல், மீன் செதில், கெளுத்தி முள், சொறிந்து புண்ணாக்கிய கொசுக்கடி, எதுவும் வாசலாகலாம். மீன் ஆயும்போது தடித்த உறை போடுங்கள். கீறினால் உடனே கழுவிக் கிருமிநாசினி தடவுங்கள். கொசுவலை கட்டுங்கள், யானைக்காலுக்குப் பயந்து அல்ல, சொறியாமல் இருப்பதற்காக. ரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசியையும் முடிந்தவரை மறு கைக்கு மாற்றச் சொல்லுங்கள். அவசரத்தில் இந்தக் கையில் செய்துவிட்டாலும் இடிந்துபோக வேண்டாம்: 632 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஊசிக்கும் ரத்த அழுத்தக் கருவிக்கும் விமானப் பயணத்துக்கும் கை பருப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது எடைக்கும் தொற்றுக்கும்.

கை திடீரென்று சிவந்து, சுட்டு, குளிர் ஜுரம் வந்தால் அன்று நீவுதல் இல்லை, பயிற்சி இல்லை, கட்டு இல்லை. அவிழ்த்துவிட்டு அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆன்டிபயாடிக் தொடங்க விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எங்கே போவது

கோரிமேட்டில் ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமும், உடல் மருத்துவம் மறுவாழ்வுத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. புற்றுநோய்ப் பிரிவில் சீட்டு எழுதும்போதே “கை வீக்கத்துக்கு மறுவாழ்வுத் துறைக்கு எழுதுங்க சார்” என்று நீங்களாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் அந்த வரி பல நேரம் விடுபட்டுப்போகும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தொடர் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே அங்குள்ள பிசியோ பிரிவையும் பார்த்து வரலாம். தனியார் பிசியோவிடம் போவதானால் ஒரு கேள்வி போதும்: “குறைவா நீளும் பேண்டேஜ் போட்டுப் பழக்கமா?” கிரேப் பேண்டேஜை எடுத்துக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

முதல் நாள் போகும்போது அறுவைச் சுருக்கம், கரண்ட் வைத்த விவரம், பழைய கை அளவுகள், கட்டக் கற்றுக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர். மோதிரமும் வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். கை அகலமான நைட்டியோ சுடிதாரோ போட்டுக்கொண்டு போங்கள். கட்டு போட்ட கை திரும்பி வரும்போது காலையில் போட்ட ரவிக்கைக்குள் நுழையாது.